வெல்ல முடிச்சு

எழுத உட்காருவதற்கே கூச்சமாக இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேசியதில்லை. கல்யாண வீட்டில்கூடப் பந்தி முடிகிறவரை சமையல்காரர்கள் பக்கம் நின்றுவிட்டு வந்துவிடுவேன். இப்படிப்பட்டவளுக்கு எதற்கு இந்த அதிகப்பிரசங்கித்தனம் என்று கேட்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். நகரி, புத்தூர் பக்கத்துக் கிராமங்களில் என் காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நமக்கும் வயதாகிவிட்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் செய்ததை நாம் விட்டால் யாரும் சொல்லப்போவதில்லை.

போன மாதம் என் மகள் தன் பிள்ளையின் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஓட்டை விழுந்திருப்பதைக் காட்டி, "பால் பல்லுதானேம்மா, வுழுந்து மொளைக்கும்" என்றாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குக் கோபம். எதற்கு இத்தனை அவசரம் என்றாள். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

எனக்கு ஒரு தம்பி இருந்தான்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று முடிவாகாமல் கிடந்த வருஷங்கள் அவை. தம்பிக்கு நாலு முடிந்து ஐந்து நடந்தது. அவனுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவனும் கைக்குழந்தையில் கக்குவான் இருமலில் நீலம் பாரித்துப் போனபோது, எங்கள் அப்பா, நைனா, திருப்பதி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, முதல் முடி உனக்கு என்று வேண்டிக்கொண்டார். இருமல் நின்றது. மூன்றாவது வயதில் மொட்டை போட்டிருக்க வேண்டும். அந்த வருஷம் பங்காளி வீட்டில் சாவு விழுந்து தீட்டாகிவிட்டது. நாலாவது வயது இரட்டைப்படை, அதில் போடும் வழக்கம் இல்லை. ஆக ஐந்துக்குத் தள்ளிப்போனது.

அதுவரை அவன் தலையில் கத்தியோ கத்தரியோ படக்கூடாது. முடி முதுகு வரை வளர்ந்து கிடந்தது. அம்மா எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டுக் கனகாம்பரம் வைத்துவிடுவாள். தெருவில் போகிறவர்கள், "இன்னாடி பொண்ணு, மாப்ள பாக்கலாமா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். அவன் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்லுவான்: "நா ஆம்பள. மீச உள்ளாற கீது. மொட்ட போட்டா வெளிய வரும்."

இதைக் கேட்பதற்காகவே திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

எங்களுக்குக் கரும்பு. தை பிறந்தால் ஆலை. இரண்டு மாடு கட்டி ஓட்டும் இரும்பு ஆலை, பக்கத்தில் ஓலைக் கொட்டாய், உள்ளே அடுப்பின்மேல் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்குக் கொப்பரை. சாறு கொதித்து நுரை தள்ளும்போது அந்த வாசனை ஊர் எல்லைவரை வரும். நைனா கொப்பரையை விட்டு நகரமாட்டார். பாகு பதம் தப்பினால் வெல்லம் பிடிக்காது. அவர் வாயில் அந்த மாதங்களில் ஒரே பேச்சுதான்: "வெட்டுன கரும்பு காத்துகினு இருக்காது. ஒரு நா போட்டா புளிச்சிப் பூடும்." யாருக்காவது காய்ச்சல், வீட்டில் விசேஷம், எதைச் சொன்னாலும் இதுதான் பதில். ஆள் வராத நாளில் அம்மாவே அடுப்புக்குக் கரும்புச் சக்கை தள்ளுவாள்.

நடக்கத் தெரிந்த பிள்ளையைக் கொதிக்கிற கொப்பரைப் பக்கம் வைத்துக்கொண்டு வேலை செய்வது எப்படி? அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். நைனாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, புதுவெல்லம் கொஞ்சம் வைத்து நூலால் இறுக்கிக் கட்டி அவன் வாயில் கொடுத்துவிடுவாள். அவன் பலாமரத்தடியில் உட்கார்ந்து அதைச் சப்பிக்கொண்டே இருப்பான். இடத்தை விட்டு அசையமாட்டான். கரைந்தால் இன்னொரு முடிச்சு. ராத்திரி தூங்குவதற்கும் அதுதான். ஆலை முடிந்த மாதங்களிலும் அது இல்லாமல் அவனால் இருக்க முடியாமல் போனது. துணி சாணி நிறத்தில், ஈரமாக, பிசுபிசுவென்று எந்நேரமும் அவன் கையில் இருக்கும். தூங்கும்போது எறும்பு அவன் கடைவாயோரம் வரிசை கட்டும். அம்மா முந்தானையால் தட்டிவிட்டு, "சாமிக்கு நேந்த புள்ள, வாயே தித்திக்குது பாரு" என்பாள். பெருமையாகத்தான் சொல்லுவாள்.

நானும் மற்ற பிள்ளைகளும் காலையில் உமிக்கரியால் பல் தேய்ப்போம். அவனுக்குத் தேய்த்துவிடுவதில்லை. ஈறு புண்ணாகும் என்றாள் அம்மா. "வுழற பல்லுக்கு எதுக்கு கரி?" என்றார் நைனா. முன் பற்களில் ஈறோரம் முதலில் பழுப்பாக ஒரு கோடு வந்தது. பிறகு ஓரம் ஓரமாக உதிர்ந்து, கடைசியில் கறுப்புக் குச்சிகள் மாதிரி நாலு நின்றன. சிரித்தால் அடுப்புக்குள் பார்ப்பது போல இருக்கும். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான்.

எல்லைத் தகராறு சூடு பிடித்த காலம். நகரிப் பக்கம் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று ஒரு ஊர்வலம் போகும். ஆந்திராவிலேயே இருக்க வேண்டும் என்று இன்னொரு ஊர்வலம் போகும். பின்னால் கத்திக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு கூட்டத்திலும் கமர்கட் கொடுப்பார்கள். தம்பி இரண்டிலும் போனான். எந்தக் கூட்டத்தில் என்ன கத்த வேண்டும் என்பது அவனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. "டேய், நீ எந்தப் பக்கம்டா?" என்று கேட்டால், வாயில் கமர்கட்டை அதக்கிக்கொண்டு, "இன்னும் துன்னு முடிக்கல" என்பான்.

நைனா மெட்ராஸ் பக்கம். "பேசறது தமிழு, குந்தறது ஆந்திராவுலயா?" என்பார். அம்மாவின் அண்ணன், எங்கள் தாய்மாமன், புத்தூர்ப் பக்கம் இருந்தார். அவரும் தமிழ்தான் பேசுவார். ஆனால் இங்கேயே இருக்கட்டும் என்பவர். "கோர்ட்டு சித்தூர்ல, சந்த புத்தூர்ல, சாமி திருப்பதில. மெட்ராஸ்ல எனக்கு இன்னா கீது, கடலா?" என்பார். வருகிறபோதெல்லாம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டே இதைப் பேசுவார்கள். சிரிப்பும் இருக்கும்.

ஒரு நாள் எந்தப் பக்கம் சேர விருப்பம் என்று கிராமத்தாரைக் கேட்க ஒரு அதிகாரி வந்தார். அன்றைக்கு மாமா எங்கள் ஊருக்கு வந்து, பெரியவர்கள் எல்லோர் முன்னாலும் அந்த அதிகாரியிடம் தெலுங்கில் பேசினார். நைனா எழுந்து, "சொந்த வாய வித்து துன்றவன் பேச்ச எழுதிக்காதீங்க சாமி" என்றார். சிலர் சிரித்துவிட்டார்கள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா இலை போட்டு வைத்திருந்தாள். அதைத் தாண்டிப்போய்த் தன் பையை எடுத்துக்கொண்டார். தம்பி ஓடிப்போய் வேட்டியைப் பிடித்தான். அவன் பின்னலை ஒரு முறை தொட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு போக்குவரத்து இல்லை.

தம்பிக்கு மாசியில் பல்வலி வந்தது. கீழ்க் கடைவாயில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பல் குடைந்து போயிருந்தது. அம்மா கிராம்பு வைத்தாள். உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னாள், அவன் விழுங்கிவிட்டான். அழுகை தாங்காமல் போனால் திரும்ப வெல்ல முடிச்சைத்தான் கொடுத்தாள். அதை வாய்க்குள் வைத்ததும் முதலில் வீல் என்று கத்துவான். பிறகு மெல்ல அடங்குவான். வலிக்க வலிக்கச் சப்புவான்.

ஒரு காலையில் தாடை வீங்கியிருந்தது. தோல் பளபளவென்று, தொட்டால் அடுப்படி போலச் சுட்டது. நைனா கொட்டாயில் இருந்தார். அம்மா அவரிடம் சொல்லாமல் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே நர்ஸ் தெலுங்கில், "நோரு தெருவு நாயனா" என்று வாயைத் திறக்கச் சொன்னாள். தம்பி திறந்தான். அந்த நாற்றத்தை நான் மறக்கவில்லை. வெல்லமும் செத்த எலியும் சேர்ந்தது போல இருந்தது.

டாக்டரம்மா தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு பல்லையும் எடுக்கணும்மா. சீழ் கீழ எறங்குது. இப்பவே எடுத்துடறேன்."

தட்டில் பல் பிடுங்கும் குறடு இருந்தது. அம்மா அதையே பார்த்தாள்.

"இது இரும்பாம்மா?"

"ஆமா. ஏன்?"

"முடி எறக்கலியே. சாமிக்கு நேந்துகினு கீறோம். இரும்பு படக் கூடாது."

"தலைமுடிக்குத்தானே? பல்லுக்கு என்ன?"

"ஒடம்புல எங்கயும் படக் கூடாதுன்றாங்கம்மா அவரு."

"சரி, ஊசியாவது போடறேன்."

அம்மா மறுபடி தட்டைப் பார்த்தாள். "ஊசியும் இரும்புதானேம்மா" என்றாள்.

டாக்டரம்மா கோபப்பட்டிருந்தால் எனக்கு இப்போது பரவாயில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாக, "அப்போ நாளைக்கே போய் முடியை எறக்குங்க. எறக்கிட்டு நேரா இங்க வாங்க. தள்ளிப்போடாதீங்க" என்றாள். மாத்திரை கொடுத்து, தேனில் குழைக்காமல் தண்ணீரில் கொடுக்கச் சொன்னாள். தித்திப்பு எதுவும் வாயில் வைக்கக்கூடாது என்றாள். பஸ்ஸில் வரும்போது அவன் அழுதான். அம்மா இடுப்பு மடிப்பிலிருந்து முடிச்சை எடுத்துக் கொடுத்தாள்.

உடம்பில் எங்கேயும் இரும்பு படக்கூடாது என்று யார் சொன்னார்கள்? வளர்ந்தபின் ஒரு முறை மலைக்குப் போனபோது, முடி இறக்கும் மண்டபத்தில் வயதான ஒரு நாவிதரிடம் கேட்டேன். மொட்டை போடாத பிள்ளைக்குப் பல் பிடுங்கலாமா என்று. அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. மறுபடி தெலுங்கிலும் கேட்டேன். எனக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்து, உட்காரம்மா என்று இடம் கொடுத்தார். நைனாவுக்கு யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. கத்தி படக்கூடாது என்பதைக் கேட்டு, பயத்தில் அவராக அதை உடம்பு முழுக்க நீட்டிக்கொண்டார். இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்தவர்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் அம்மா சொன்னதைக் கேட்டு நைனா, "வாயில இரும்பா? சரி, நாளைக்கே மலைக்குப் போலாம்" என்றார். அம்மாவின் முகம் தெளிந்தது. "அண்ணன கூப்புடணுமே" என்றாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முதல் முடி இறக்குவது. அதுவும் வேண்டுதலில் சேர்ந்தது.

"அவன் மடியிலயா? வேற யாரு மடியிலயாவது உக்காரட்டும். உங்க சித்தப்பா மவன் இல்ல?"

மறுநாள் அம்மா அண்ணன் வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். மாமா விஷயத்தைக் கேட்டு, "வேற மடியா? நா உசுரோட கீறப்பவா? அப்ப நா செத்தவன்னு ஊருக்குச் சொல்றீங்களா?" என்றார்.

"இல்லண்ணா, நீயே வா. புள்ளைக்கு மொகமெல்லாம் வீங்கிக் கெடக்குது."

"வரேன். வரமாட்டேன்னா சொன்னேன்? மொறன்னு ஒண்ணு கீது இல்ல? வெத்தல பாக்கு வச்சு மச்சான் வந்து கூப்புடட்டும். அந்த நிமிஷமே வண்டி ஏறுறேன்."

"அவரு வரமாட்டாருண்ணா."

"அப்ப பல்லு எனக்கா வலிக்குது?" என்றார் மாமா. சொன்னபிறகு அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். உள்ளே போய்ப் பிள்ளைக்கு என்று ஒரு பொட்டலம் பூந்தி கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அம்மா போனாள், வந்தாள், மறுபடி போனாள். நைனாவும் மாமாவும் தம்பியின் மேல் உயிரை வைத்திருந்தவர்கள். இப்போது யோசித்தால் அதுதான் எனக்குக் கசக்கிறது. கெட்டவர்களாக இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் திட்டிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். "அவன் வரட்டும்" என்று இவர், "அவர் வரட்டும்" என்று அவர். நடுவில் மாத்திரை தீர்ந்தது. வீக்கம் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. முடிச்சைக்கூட உள்ளே வைக்க முடியவில்லை. கையில் வைத்து அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

அம்மா கடைசியில் ஒன்று செய்தாள். கொப்பரை நிறையப் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. பதம் வரும் நேரம். அடுப்புக்குச் சக்கை தள்ளிக்கொண்டிருந்தவள் எழுந்து வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"எரி போடுமே," என்றார் நைனா உள்ளிருந்து.

அம்மா எழுந்திருக்கவில்லை.

"பாகு கெடுது, ஏமே."

"கெடட்டும்."

நைனா ஓடி வந்து பார்த்தார். ஓடி உள்ளே போனார். ஒரே ஆளாகக் கிளறவும் எரி தள்ளவும் முடியவில்லை. அந்தக் கொப்பரை முழுதும் முறிந்து மாட்டுக்குக்கூட ஆகாமல் போனது. நைனா கரண்டியைப் போட்டுவிட்டு, கிணற்றில் கை கால் கழுவி, தட்டில் வெற்றிலை பாக்கு வாங்கி வைத்துக்கொண்டு புத்தூர்ப் பக்கம் நடந்தார்.

மாமா உடனே வந்துவிட்டார். சொன்ன சொல்லில் நின்றார். வாசலில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மாமா தம்பியைப் பார்த்ததும் முகம் வெளுத்து, "இன்னா மச்சான் இது, எங்கிட்ட வீக்கம்னுதானே சொன்னாங்க" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணா," என்றாள் அம்மா.

நைனாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எல்லை விஷயத்தில் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒரே மனசாக இருந்தார்கள். "மொதல்ல முடி. எறக்கிட்டா அப்புறம் தடையே இல்ல. கீழ எறங்குனதும் நேரா ஆஸ்பத்திரி" என்றார் மாமா. நைனா தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் மலைமேல் இருந்தோம். பஸ் வளைவுகளில் திரும்பும்போது தம்பி வாந்தியெடுக்கப் பார்த்தான். வாய் திறக்காததால் முடியவில்லை. விடியற்காலையில் மாமா குளித்து ஈர வேட்டியோடு உட்கார்ந்து அவனை மடியில் வைத்துக்கொண்டார். அவன் தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. நாவிதர் தண்ணீர் தெளித்துவிட்டு, "பிள்ளாடிக்கி ஒள்ளு காலுதோந்தி" என்றார். பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்று. "மீரு கானிவ்வண்டி" என்றார் மாமா. நீங்கள் முடியுங்கள் என்று. பின்னல் இரண்டும் அப்படியே விழுந்தன. கனகாம்பரம் அதில் இருந்தது.

தம்பி தலையைத் தடவிப் பார்த்தான். பிறகு மேலுதட்டைத் தடவினான். மாமா, "வரும்டா, வரும்" என்றார்.

இவ்வளவு தூரம் வந்து சாமியைப் பார்க்காமல் இறங்குவதா என்றார் நைனா. "எறங்குங்க" என்றாள் அம்மா. இறங்கினோம். இறங்கும் வழியில் அவன் மூச்சு ஆலை உருளை எண்ணெய் இல்லாமல் சுற்றுவது போலச் சத்தம் போட்டது. கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், வாயைத் திறக்க முயன்றார், யாரையோ கூப்பிட்டு ஏதேதோ கொண்டுவரச் சொன்னார். கத்தியும் குழாயும் கொண்டுவந்தார்கள். இப்போது தடை இல்லை. நைனா, "எது வேணா வைங்க சாமி" என்று அழுதார்.

உச்சி வேளைக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. டாக்டர் வெளியே வந்து மாமாவைப் பார்த்து, "பன்னா இதி? இன்னி ரோஜுலு ஏமி சேசாரு?" என்று கேட்டார். பல்லா இது, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று. மாமா அதைத் தமிழில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் தெலுங்கு தெரியும்.

பொழுது சாய்வதற்குள் ஊருக்குக் கொண்டுவந்து கரும்புக் கொல்லை ஓரத்தில், முன்னால் போன இருவருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்தபோது பாயில் அந்த வெல்ல முடிச்சு கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது. அம்மா அதைத் தொடவில்லை. எறும்புகளே ஒரு ராத்திரியில் தின்று முடித்தன.

எல்லை பிறகு முடிவானது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. நாங்கள் இந்தப் பக்கமே நின்றோம். அந்தச் செய்தி வந்த அன்று நைனாவும் மாமாவும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

தம்பியைப் புதைத்த மறுநாள் விடிந்ததும் ஆலை ஓடியது. வெட்டிய கரும்பு ஒரு வண்டி களத்தில் கிடந்தது. மாமா மாட்டைப் பூட்டினார். நைனா கொப்பரையில் நுரை எடுத்தார்.